சென்னை மாவட்டத்தைத் தேர்வுக்கு எப்படிப் படிக்கலாம்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4 படிக்கிறவர்கள் சென்னை மாவட்டத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தெரிந்த ஊர்தானே என்ற தைரியம். எனக்கு அதிக நேரம் பிடித்த மாவட்டமே இதுதான். புத்தகத்துக்குப் புத்தகம் சென்னையின் எல்லை மாறும், எண்ணும் மாறும்.

மக்கள் அடர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. பரப்பு அப்போது சுமார் 175 சதுர கிலோமீட்டர். அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553, தமிழ்நாட்டில் முதலிடம். சில கைடுகளில் 26,903 என்று இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை, முதலில் வெளியான தற்காலிக அறிக்கையின் எண். எழுத்தறிவிலும் இதே கதை: தற்காலிகம் 90.33 சதவீதம், இறுதி 90.18. நான் இறுதி எண்ணை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, மற்றதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். கொடுத்த நான்கு விடைகளில் எது இருந்தாலும் அடையாளம் தெரிய வேண்டுமே!

அப்புறம் 2018 வருகிறது. அந்த ஜனவரியில் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், மதுரவாயல், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் சேர்ந்து மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர் ஆனது. மாநகராட்சி 2011-லேயே இந்த அளவுக்கு விரிந்துவிட்டது, மாவட்டம் தாமதமாகத்தான் அதை எட்டிப் பிடித்தது. 2011 மக்கள்தொகையையே புது எல்லைக்குக் கணக்கிட்டால் சுமார் 67 லட்சம். 426-ஆல் வகுத்துப் பாருங்கள், அடர்த்தி 15,700 சொச்சம்தான். யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது. கேள்வியில் '2011 கணக்கெடுப்பின்படி' என்று இருந்தால் 26,553-ஐத் தொடுங்கள். மக்கள்தொகை 86 லட்சத்துக்கு மேல் என்று எங்காவது பார்த்தால், அது சுற்றியுள்ள நகரங்களையும் சேர்த்த கணக்கு, மாவட்டத்தின் கணக்கு இல்லை.

முழுக்க நகர்ப்புறமான மாவட்டம் என்பதால் இங்கே கிராம ஊராட்சி கிடையாது. உள்ளாட்சிப் பாடத்தில் இதை வைத்து எளிதாக மடக்கலாம், கவனம்.

அடுத்து வரைபடம். அச்சடித்ததைப் பார்ப்பதைவிட வெள்ளைத்தாளில் கையால் வரைவது நல்லது. வலப்பக்கம் மேலே எண்ணூர், கீழே உத்தண்டி, நடுவே ஒரு கோடு: அதுதான் கடற்கரை. எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாறு, நேப்பியர் பாலத்தருகே கூவம், பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே அடையாறு. கரையை ஒட்டி வடக்கு தெற்காகப் பக்கிங்காம் கால்வாய். இதை நாலு தடவை வரைந்தால் ஆறுகளின் வரிசை மறக்காது.

பிறகு மாவட்டத்துக்கு வெளியே உள்ளவற்றை வேறு நிறத்தில் குறியுங்கள். ஊருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல் திருவள்ளூர் மாவட்டம், செம்பரம்பாக்கம் காஞ்சிபுரம். எண்ணூர் காமராஜர் துறைமுகம் திருவள்ளூரில், வண்டலூர் உயிரியல் பூங்கா செங்கல்பட்டில். கிண்டி தேசியப் பூங்கா சென்னைக்குள்ளேயே இருக்கிறது, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பழைய புத்தகங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வைத்திருக்கும்.

விரிவான விடை எழுதும் முதன்மைத் தேர்வுக்கு ஒரே ஒரு தலைப்பை ஆழமாகப் படிக்கச் சொன்னால் துறைமுகத்தையும் மணலையும் சொல்வேன். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனதில் மெரினா அகன்றது. மணல் வராத வடக்கே, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம், கடலரிப்பு. திருவொற்றியூர்க் கடலோரச் சாலையில் போனால் கரை நெடுகக் கொட்டிக்கிடக்கும் பாறைக்கற்களைப் பார்க்கலாம். ஒரே கட்டுமானம் ஒரு பக்கம் கரையைக் கொடுத்தது, மறுபக்கம் மீனவர் வீடுகளைக் கடலுக்கு விட்டது. புவியியல், சுற்றுச்சூழல், பேரிடர் மேலாண்மை என எந்தப் பகுதியில் கேட்டாலும் இந்தப் பத்தியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு எழுதிவிடலாம்.

வரலாற்றுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 1639 ஆகஸ்ட் 22 சென்னை தினம், 1688 மாநகராட்சி, 1857 பல்கலைக்கழகம், 1862 உயர் நீதிமன்றம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969, நகரத்துக்குச் சென்னை என்று மாறியது 1996. 69-ம் 96-ம் பரபரப்பில் இடம் மாறிவிடும், சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

புதிய கணக்கெடுப்பின் எண்கள் வந்தால் மேலே சொன்ன புள்ளிவிவரங்கள் எல்லாம் மாறும். இப்போதே நோட்டில் 2011 எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.