அம்மாவின் விதைப் போத்தல்

போன மாதம் லீவில் நிலாவெளிக்குப் போயிருந்தேன். பையை வைக்கமுதலே அப்பா கிணற்றடித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். "இந்த முறையும் சுருண்டு போச்சு, பிள்ளை."

கொச்சிக்காய்க் கன்றுகளின் நுனியிலையைப் பிரித்துப் பார்த்தேன். சிலதில் இலை மேல்நோக்கி மடிந்திருந்தது, பனிப்பூச்சியின் வேலை. சிலதில் கீழ்நோக்கி, அது சிற்றுண்ணி. வெள்ளை ஈ பரப்பும் வைரசும் சேர்ந்துவிட்டால் அந்தக் கன்றை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

அந்தப் பாத்தியில் ஒரே ஒரு கன்று மட்டும் சுருளாமல் நின்றது. இப்படிப்பட்ட கன்றின் பழத்தைத்தான் அம்மா எப்போதும் விதைக்கு விடுவார். சாம்பலில் புரட்டி, காயவைத்து, போத்தலில் போட்டு வைப்பார். ஆனால் அடுத்த போகத்தில் பிள்ளைகள் தாயைப் போல வருவதில்லை. கொச்சிக்காய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்தான், ஆனாலும் தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும். குணம் கலையாமல் நிலைக்க, மொட்டை மூடிக் கட்டி ஆறேழு தலைமுறை தற்சேர்க்கை செய்ய வேண்டும். தோட்டம் செய்கிறவர்களுக்கு அதற்கு எங்கே நேரம்?

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் அந்தக் காலத்தைத்தான் சுருக்கப் பார்க்கிறோம். மகரந்தப்பை வளர்ப்பு என்று பெயர். 1981இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறைதான் அடிப்படை. இதழும் புல்லியும் ஒரே நீளத்தில் இருக்கும் மொட்டைக் காலையில் பறித்து, கிருமி நீக்கி, உள்ளேயிருக்கும் மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்து ஊட்டக் கூழில் வைப்போம். 35 பாகை வெப்பத்தில், இருட்டில், எட்டு நாள். பெரும்பாலானவை பழுப்பாகிச் செத்துவிடும். சில இனங்கள் அசையவே அசையாது. எப்போதாவது ஒரு பையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாய் ஒரு முளை தலைகாட்டும். அதை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது.

மகரந்தத்திலிருந்து வந்த அந்தச் செடியில், குணங்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 24க்குப் பதிலாக 12தான் இருக்கும். சில தானாகவே இரட்டிக்கும், மற்றவற்றைக் கொல்கிசின் என்ற இரசாயனத்தால் இரட்டிக்க வைப்போம். அப்புறம் அது முழுத்தூய வரிசை, தற்சேர்க்கையில் விதை பிசகாது. கடையில் விலை கொடுத்து வாங்கும் கலப்பின விதையை மறுபோகத்துக்கு எடுத்துவைத்தால் குணம் பிரிந்துபோகும். இதன் மொட்டை மூடிக் கட்டி, வரும் விதையை அம்மா போத்தலில் சேர்க்கலாம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பக்கத்து வீட்டு மாமி, "மரபணு மாத்தினதோ?" என்று கேட்டார். இல்லை மாமி, வெளியில் இருந்து எதையும் புகுத்தவில்லை, செடியில் இருந்ததைத்தான் பிரித்தெடுக்கிறோம் என்றேன்.

அந்தக் கன்று நோயைத் தாங்கியதா, பூச்சியிடம் தப்பியதா என்பது இன்னும் தெரியாது. வலைக்கூண்டில் வெள்ளை ஈயோடு வளர்த்தால்தான் தெரியும். அதன் பழத்தில் இருபது விதை எண்ணி அம்மா கடதாசியில் மடித்துத் தந்தார். நேற்றுப் பதினெட்டு முளைத்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணியைக் கூட ஊத்திப்போடாத, அழுகிப்போகும்" என்று உடனே பதில் வந்தது.