விளையாட்டு உடம்போடு கோல்ஃபுக்கு வருபவர்களுக்கு

பல வருடம் கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் என்று ஆடிய உடம்பு முப்பது வயதுக்கு மேல் கோல்ஃபுக்கு வரும்போது வேகத்துக்குப் பஞ்சம் இருக்காது. பந்து போகும் திசைதான் பாடாய்ப் படுத்தும். மற்ற ஆட்டங்களில் வருகிற பந்தைப் பார்த்துக் கை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இங்கே பந்து அசையாமல் கிடப்பதால் அந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லை. ஓங்கி அடிக்கிற ஆசை மட்டும் மிஞ்சுகிறது. இடுப்பு திரும்புவதற்கு முன்பே வலது தோள் பாய்கிறது, கிளப் (கோல்ஃப் மட்டை) வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. அதுதான் ஸ்லைஸ். (வலக்கை ஆட்டக்காரரை வைத்தே சொல்கிறேன்.)

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டையின் எடை கைப்பிடிக்கு நேர்கீழே இருக்கும். கோல்ஃப் கிளப்பின் தலையோ தண்டுக்கு ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். அதனால் கீழே வரும்போது முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வலப்பக்கம் திறந்தபடியே பின்தங்கப் பார்க்கும். நாம்தான் அதைத் திருப்பி மூட வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம் பார்க்கும் திசை. வளைவது, அந்த முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால்.

ஆகவே முதல் வேலை கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம். இடது கையில் கைப்பிடி உள்ளங்கையில் பதியக் கூடாது. சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாக ஓட வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கை விரல் முட்டிகளில் இரண்டோ மூன்றோ தெரியணும். இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் 'வி' வலது தோளை நோக்கி இருக்கட்டும். பிறகு இடுப்பிலிருந்து இடுப்பு வரை மட்டும் அரை ஸ்விங். பின்னால் தூக்கும்போது தண்டு தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்திப் பாருங்கள்: முகம் வானத்தைப் பார்த்தால் திறந்திருக்கிறது. முதுகின் சாய்வை ஒட்டிச் சற்றே தரைப்பக்கம் சாய்ந்திருந்தால் சரி.

அடுத்தது, கிளப் தரையைத் தொடும் இடம். ஐயனில் (உலோகத் தகடு போன்ற தலையுள்ள கிளப்) முதலில் பந்து, பிறகுதான் மண். புல் பெயரும் பள்ளம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும். டென்னிஸ் ஆடியவர்கள் பந்தை மேலே தூக்கிவிடப் பார்ப்பார்கள். உடனே எடை வலது காலிலேயே தங்கி, கிளப் பந்துக்குப் பின்னாலேயே மண்ணைத் தோண்டும், இல்லையென்றால் பந்தின் வயிற்றில் பட்டுத் தரையோடு ஓடும். பந்தைத் தூக்குவது முகத்தின் சாய்வு, அதை நம்புங்கள். பந்துக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து, துண்டில் படாமல் அடித்துப் பழகலாம். பயிற்சி ரேஞ்சில் விரித்திருக்கும் பாயை மட்டும் நம்பாதீர்கள். பின்னால் பட்ட கிளப்பும் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அனுப்பிவிடும், தவறு தெரியாது. அழுத்தி அடித்தால் முழங்கையும் வலிக்கும்.

டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) முகத்தில், பாதத்துக்குப் போடும் பவுடரைத் தூவி அடித்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தடம் தண்டுப் பக்கம் விழுந்தால் பந்து வலப்பக்கம் வளையும், நுனியில் விழுந்தால் இடப்பக்கம். ஸ்விங்கில் குறையென்று நினைத்து மாதக்கணக்கில் திருத்துகிறவர்களில் பலருக்குக் குறை, பந்துக்கு ஒட்டி நிற்பதிலோ விலகி நிற்பதிலோ இருக்கும். பத்துப் பந்து அடித்தால் பவுடரே சொல்லிவிடும்.

கிளப் 14 வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. தொடக்கத்தில் ஏழு போதும்: டிரைவர், ஹைப்ரிட், 6, 8 ஐயன்கள், குறைந்த தூரத்துக்கும் மணலுக்கும் பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், குழிக்குள் பந்தை உருட்ட பட்டர். ஸ்விங் வேகத்தை அளந்துவிட்டுத் தண்டு வாங்குங்கள். விளையாட்டு உடம்புக்கு 'ஸ்டிஃப்', அதாவது அதிகம் வளையாத தண்டு, தேவைப்படலாம்.

பயிற்சி நேரத்தில் பாதி, குழி இருக்கும் பச்சைத்தரைக்கும் அதைச் சுற்றியும் போகட்டும். 30 அடியிலிருந்து பட் செய்து (பட்டரால் உருட்டி), குழியிலிருந்து மூன்றடிக்குள் நிறுத்தப் பழகினால் ஒரே குழிக்கு மூன்று பட் ஆவது குறையும். ஸ்கோர் முதலில் இறங்குவது அங்கேதான்.

ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்பை உடனே தொடங்குங்கள். 2020-இல் வந்த உலக முறையில் 54 குழிகளின் ஸ்கோர் கொடுத்தாலே எண் கிடைக்கும். பிறகு கடைசி 20 சுற்றில் சிறந்த 8-இன் சராசரி. அபராத அடிகளையும் சேர்த்து எழுதுங்கள். எந்த டீயிலிருந்து (குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) ஆடுவது என்பதற்கு ஒரு கணக்கு: 5 ஐயன் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 150 கெஜம் என்றால் 5,400 கெஜத்துக்குப் பக்கத்தில் நீளமுள்ள மைதானம். நாம் வேகமாக அடிக்கிறவர்கள் என்று பின் டீக்குப் போனால், பல குழிகளில் இரண்டாவது அடிக்கே நீளமான கிளப் கையில் ஏறும். வெட்ஜ் பழக வாய்ப்பே வராது.