பேரைப் போடவில்லை, ஒழுங்கையைப் போட்டேன்

திருகோணமலையில் பிராந்தியச் செய்தியாளனாக இருந்த காலத்தில் என் முதல் வேலை, காலையிலேயே பொலிஸுக்கு ஃபோன் எடுப்பது. "என்ன சேர் விசேஷம்?" என்றால் இரண்டு மூன்று சேதி கிடைக்கும். அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. வராததற்கு ஒன்றுமில்லை.

கோவிலொன்றில் அம்மன் நகை களவு போய் ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். நாலாம் நாள் இரண்டு பொடியன்களைப் பிடித்தார்கள். ஒருவனுக்கு 16, மற்றவனுக்கு 17. "ஒப்புக்கொண்டிட்டாங்கள்" என்றது ஃபோன். 'விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்' என்று எழுதினேன். சிறுவர்கள் என்பதால் பேரைப் போடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நம் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. (பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு. அதில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் சொன்னதே போதும். அந்தக் கதை இந்த ஊரில் பெரிய கதை.) இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நீதவான் கையில் எடுக்காததை நான் முன்பக்கத்துக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரம் விளக்கமறியல். பிறகு நகை வேறோர் ஊரில் வேறோர் ஆளிடம் அகப்பட்டது. பொடியன்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அனுப்பிய நாலு வரி எட்டாம் பக்கத்தில், மரண அறிவித்தலுக்கு மேலே வந்தது.

ஒருநாள் மரக்கறிச் சந்தையில் ஒரு அம்மா என்னை மறித்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. சத்தம் போடவில்லை.

"தம்பி, பேர் போடேல்லை, சரி. ஒழுங்கைப் பேரை ஏன் போட்டனீங்கள்? அந்த ஒழுங்கையில பதினொரு வீடு. பதினாறு வயசில எத்தினை பொடியன் இருக்கிறான்?"

"கொழும்பில சேர்த்திருப்பினம் அம்மா" என்றேன். பொய். ஒழுங்கையை எழுதியது நான்தான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் மிச்சக் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மகன் அந்த வருடம் சாதாரணதரப் பரீட்சைக்குப் போகவில்லை என்பது பிறகு வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு 'ஒப்புக்கொண்டனர்' என்ற சொல்லைக் கண்டாலே யார் முன்னால், எத்தனை மணி நேரம் கழித்து என்றுதான் மனம் போகும். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் 1989 ஏப்ரலில் ஓடப் போன ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் 14 முதல் 16 வயது வரையான ஐந்து பேர் மாட்டினார்கள். நால்வரின் ஒப்புதல் வீடியோவிலேயே இருந்தது. மரபணு ஐவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை, இருந்தும் 1990இல் தண்டித்தார்கள். ஏற்கெனவே சிறையிலிருந்த வேறொருவன் 2002இல் நான்தான் என்றான். அவனுடைய மரபணு பொருந்தியது. அங்கே பத்திரிகைகள் பேரையே போட்டன. ஒழுங்கையைப் போட்ட நான் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கேயும்தான் என்ன? 2015இல் கொட்டதெனியாவச் சிறுமி கொலையில் முதலில் கைதானவர்களில் 17 வயது மாணவன் ஒருவன். மரபணு பொருந்தாமல் விடுதலையானான். அதற்குள் அவன் முகம் நாடு முழுக்கப் போய்விட்டது.

திருகோணமலையில் 'ஐந்து மாணவர்' என்றால் யாருக்கும் நியூயோர்க் நினைவு வராது. 2006 ஜனவரி 2, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கொண்டுவந்த குண்டு தவறி வெடித்துச் செத்தார்கள் என்றது படைத்தரப்பு. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம். அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் 13 பேர் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். சொன்னதை அப்படியே எழுதாமல் போய்ப் பார்த்த ஒருவர் எங்கள் தொழிலில், இதே ஊரில் இருந்தார். நானோ ஃபோனை வைத்துவிட்டு எழுதியவன்.

பிறகு வந்த கைதுச் செய்திகளில் 'நகரப் பகுதியில்' என்று மட்டும் எழுதத் தொடங்கினேன். ஒருநாள் கொழும்பிலிருந்து உதவி ஆசிரியர் எடுத்தார். "நகரப் பகுதியெண்டா ஆர் வாசிப்பான்? எந்த ரோட்டெண்டு சொல்லுங்கோ."

"அப்பிடியே போடுங்கோ அண்ணை" என்றேன்.

அந்தச் செய்தி வரவில்லை. அதற்குக் காசும் இல்லை.