கொள்ளுத்தாத்தாவின் கப்பல் காசைக் கட்டியது யார்?

"கங்காணிதான் கப்பல் காசு கட்டிக் கூட்டிக்கிட்டு வந்தான். அந்தக் கடனை அடைக்கவே அவருக்குப் பத்து வருஷம் ஆச்சு." அப்பாயி கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்படித்தான் தொடங்குவார். கங்காணி என்றால் ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிவருபவர். கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் பினாங்கில் இறங்கி, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தது 1926 வாக்கில். அப்பாயி போன பிறகு, அந்தக் கடனுக்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்று தோன்றியது.

கோலாலம்பூரில் உள்ள அர்கிப் நெகாராவில், அதாவது மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில், வாசகராகப் பதிந்துகொண்டேன். முதல் இரண்டு தடவையும் கொள்ளுத்தாத்தாவின் பெயரை வைத்துத்தான் தேடினேன். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அங்கிருந்த ஊழியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆளைத் தேடாதீர்கள், அந்த ஆளுக்காகப் பணம் செலவழித்த இலாகாவைத் தேடுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. இதே தேடலில் இருப்பவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம்தான் தமிழர் குடியேற்ற நிதி என்ற பெயர் கண்ணில் பட்டது. 1907-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய நிதி அது. பின்னாளில் இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. அதனால் 'தமிழர்' என்று மட்டும் தேடினால் தொடக்க காலத்துக் கோப்புகளோடு நின்றுவிடும். இரண்டு பெயரிலும் தேட வேண்டும். நாகப்பட்டினத்தையும் அன்றைய ஆங்கிலேயர் எழுதிய 'நெகபட்டாம்' என்ற எழுத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

இந்த நிதி ஏன் வந்தது என்பது தெரிந்த பிறகுதான் கணக்கே புரிந்தது. அதற்கு முன்பு, ஒரு தோட்டக்காரர் தன் காசைப் போட்டு ஆள் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டக்காரர் கூடக் கொஞ்சம் சம்பளம் காட்டி அந்த ஆட்களை இழுத்துக்கொள்வார். இதைத் தீர்க்க, தென்னிந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் எல்லாரும் பொதுவாக ஒரு வரி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். ரயில்வே, பொதுப்பணி போன்ற அரசாங்க இலாகாக்களும் கட்டின. ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்டினார்கள். நிதியை நடத்திய குழுவில் தொடக்கத்தில் அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய பயணத்துக்காக அந்தப் பணமோ, அவர்களில் ஒருவருக்கும் அதில் இடமில்லை. அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஆண்டறிக்கைகளில் செலவுப் பட்டியல் இருக்கிறது. ஊரிலிருந்து முகாமுக்கு ரயில் கட்டணம், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் கட்டணம், இந்தப் பக்கம் இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருக்கும் செலவு (பினாங்கு வழியாக வந்தவர்களுக்கு அது ஜெரெஜாக் தீவு), அங்கிருந்து தோட்டம் வரைக்கும் வண்டிக் கூலி, கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு படி. எல்லாம் நிதியிலிருந்து. கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினம் முகாமில் சாப்பிட்ட சோறும் இந்த வரிகளுக்குள் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தபடி வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அப்படியானால் கடன்? சட்டப்படி, நிதியின் காசில் வந்தவர் கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்கும் போகலாம். ஆளைக் குறிப்பிட்ட காலம் ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்ட ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-லேயே முடிந்துவிட்டது. ஆனால் அப்பாயி பொய் சொல்லவில்லை. ஊரில் இருந்த கடனை அடைக்கவும், வீட்டில் விட்டுவந்தவர்களுக்குக் கொடுக்கவும் கங்காணிகள் முன்பணம் தருவது வழக்கம். தோட்டத்துக் கடைப் பற்றும் அதோடு சேரும். கொள்ளுத்தாத்தா பத்து வருஷம் அடைத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கப்பல் இலவசம் என்பதை அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா? அதற்குக் கோப்பில் பதில் இல்லை. சொல்லியிருக்க வேண்டியது கங்காணி. அவர் வாயை நம்பித்தான் ஊரையே விட்டு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியதும் இதே நிதிதான். கொள்ளுத்தாத்தா எப்படித் தப்பித்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் இந்த உதவிப் பயணத்தைத் தடை செய்தது. நிதி மட்டும் தொடர்ந்து, 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது.

ஐந்தாவது முறை போனபோது, எங்கள் தோட்டம் ஒரு காலாண்டுக்குக் கட்டிய வரியைப் பற்றிய கடிதம் ஒன்று கிடைத்தது. அதில் பெயர்கள் இல்லை. ஆண்கள் வேலை செய்த நாள் இத்தனை, பெண்கள் வேலை செய்த நாள் இத்தனை, அவ்வளவுதான். நகல் எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தார். பெண்கள் என்ற வரியில் விரலை வைத்து, "இதுல நம்ம பாட்டியோட நாளும் இருக்கும், இல்ல?" என்று கேட்டார்.