கசிவுச் சோதனையை வரிசையின் நடுவுக்குக் கொண்டுவந்த அனுபவம்

பேரிங்கைத் தாங்கும் எங்கள் அலுமினிய உறைகளின் உற்பத்தி வரிசையில் கசிவுச் சோதனை கடைசியில்தான் இருந்தது. வார்ப்படத்துக்குள் ஒளிந்திருக்கும் நுண்துளைகள் எந்திரத்தில் கடைந்தவுடனேயே வெளிப்பட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், பேரிங்கை அழுத்திப் பொருத்தி முடித்த பிறகே ஒழுகும் உறையைக் கண்டுபிடித்து, பேரிங்கோடு சேர்த்துக் கழிவில் போட்டுக்கொண்டிருந்தோம். சோதனையைப் பேரிங்குக்கு முன்னால் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் முட்டுக்கட்டை கணக்கில் வந்தது. எந்த இடத்தில் சோதிப்பது லாபம் என்று சொல்லும், தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங்கின் விதி எளிமையானது: ஓர் உருப்படியைச் சோதிக்கும் செலவை, குறையுள்ள உருப்படி ஒன்று அடுத்த கட்டத்துக்குப் போவதால் நேரும் இழப்பால் வகுக்க வேண்டும், உற்பத்தி நிலையாக இருக்கும்போது, குறைபாட்டு விகிதம் அந்த எண்ணைவிட அதிகமானால் அந்த இடத்தில் அனைத்தையும் சோதிக்க வேண்டும், குறைவானால் எதையும் சோதிக்க வேண்டியதில்லை. எங்களிடம் இல்லாதது அந்த விகிதம்தான். பதிவேட்டில் கடைசியில் கழித்தவை மட்டுமே இருந்தன. நடுவில் பிசிறு நீக்கியும் மறுபடி கடைந்தும் சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டவை ஏறவே இல்லை. எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்றால் எந்த ஆபரேட்டர்தான் எழுதுவார்? யார் செய்தது என்று கேட்காமல், எந்தக் கட்டத்தில் ஒதுக்கப்பட்டது என்பதை மட்டும் கழிவுத் தொட்டியருகே நின்று குறித்துக்கொண்ட பிறகே நம்பத்தக்க எண்கள் கிடைத்தன. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

நடுவில் நிறுத்திச் சோதித்தால் எண்ணிக்கை குறையும் என்று உற்பத்திப் பிரிவு கொடி பிடித்தது. வரிசையிலேயே மெதுவான எந்திரம் பேரிங் பொருத்தும் அழுத்தி என்பதையும், எப்படியும் கழியப்போகும் உறைகளுக்காக அது உழைத்த நேரம் திரும்பி வராது என்பதையும் காட்டியதும் அந்த வாதம் அடங்கியது.

கழுவும் எந்திரத்தை அடுத்துச் சோதனை நிலையத்தை அமைத்ததும்தான் உண்மையான தலைவலி தொடங்கியது. கழுவி வந்த உறை சூடாக இருந்தது. அதனுள் அடைத்த காற்று சூடேறி அழுத்தம் கூடுவதால், கசிவினால் குறைய வேண்டிய அழுத்தம் குறையாமல், ஒழுகும் உறையும் தேறிவிடும். நுண்துளைகளில் தங்கிய ஈரமும் கசிவை மறைக்கும். அதே மேசையில் வைத்த, பேரிங் உட்காரும் துளையின் விட்டத்தை அளக்கும் கேஜும் பொய் சொன்னது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும்; 100 மி.மீ. துளை, அளவீட்டுக்கான நிலையான 20 டிகிரி செல்சியஸைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 46 மைக்ரான் பெரிதாகத் தெரியும். எச்7 என்ற துல்லிய வகைத் துளைக்கு அந்த விட்டத்தில் அனுமதிக்கப்படும் மொத்த வேறுபாடே 35 மைக்ரான்தான். நல்ல துளைகள் பெரியவை என்று ஒதுக்கப்பட, சிறியவை தேறிப்போயின. நிலையம் அமைத்துத் தந்தவர்களோ கேஜைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள்! காற்றால் உலர்த்திக் குளிரவைக்கும் ஒரு சிறு இடைவெளிக்கு இடம் பிடித்த பிறகு இரண்டு கோளாறுகளும் ஒருசேரத் தீர்ந்தன. நிலையத்தின் வரைபடம் போடும்போதே உருப்படி அங்கே என்ன சூட்டில், என்ன ஈரத்தில் வந்து சேரும் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது பேரிங்கோடு கழியும் உறைகள் அரிது. அதைக் காட்டிக் கடைசிச் சோதனையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். பேரிங்கை அழுத்தும்போதே உறையில் விரிசல் விழ வாய்ப்பிருப்பதால், அந்தக் கட்டத்துக்கும் தனியாக விகிதம் எடுத்துக் கணக்குப் பார்க்கும்வரை அதில் கைவைக்க நான் சம்மதிக்கவில்லை.