மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகாக இருக்கட்டும்

அம்பின் வால்பக்கத்தில் மூன்று இறகு கட்டுவோம். அந்த இறகை வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இடது சிறகு இறகா, வலது சிறகு இறகா? “இறகுன்னா இறகுதானே சார்” என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். எனக்கு அந்தப் பதில் பார்சல் வந்த பிறகுதான் கிடைத்தது.

பையைப் பிரித்தால் இரண்டு பக்கமும் கலந்து கிடக்கிறது. பாதிக்கு மேல் சிவப்புச் சாயம்; ஈர விரலால் தொட்டால் விரல் சிவக்கிறது. தொப்பியில் செருகவும் அலங்காரத்துக்கும் விற்கிற சரக்கை அம்பு இறகு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பறவைப் பொருளாம், திருப்பி எடுக்க மாட்டார்களாம். விற்கும்போது மட்டும் அது பறவைப் பொருள் இல்லை போல.

மூங்கில் வில்லில் அம்பு கைமேலேயே உரசிக்கொண்டு போகும். இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் வைத்தால் அது மடங்காது, கையில் இடித்து அம்பைத் தள்ளிவிடும். இறகு மடங்கி நிமிரும், அதனால்தான் இத்தனை பாடு. ஆனால் இறகுக்கு இயல்பிலேயே ஒரு வளைவு உண்டு. இடது சிறகு இறகு அம்பை ஒரு பக்கம் சுழற்றும், வலது சிறகு இறகு எதிர்ப்பக்கம் சுழற்றும். ஒரே அம்பில் இரண்டையும் கட்டினால் ஒன்று சுழற்றப் பார்க்கும், மற்றது தடுக்கும். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, மூன்றும் ஒரே பக்கமாக இருந்தால் போதும். பார்ப்பது சுலபம்: பளபளப்பான மேல்புறம் உங்களைப் பார்த்திருக்க, நுனி உங்களை விட்டு விலகி மேலே பார்க்கும்படி பிடியுங்கள். தண்டின் எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கத்துச் சிறகு. அகலமான அந்தப் பக்கத்தைத்தான் அம்புக்கு எடுக்கிறோம்.

சரி, உள்ளூரிலேயே தேடலாம் என்று இறங்கினேன். ராமநாதபுரம் கறிக்கடைகளில் வாத்து என்று கேட்டால் நாட்டு வாத்து அல்லது மணிலா வாத்துதான். எனக்கு வேண்டியது கூஸ் (goose) என்கிற பெரிய வாத்தின் இறகு, அதனால் கூஸ் வாத்து என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டும் ஒருவர், “எதுக்குண்ணே அலையுறீங்க, சக்கரக்கோட்டை கண்மாயில வெளிநாட்டுப் பறவை இறகு கொட்டிக் கிடக்கும், அள்ளிக்கிட்டு வாங்க” என்றார். தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்காதீர்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் எல்லாம் பறவைகள் சரணாலயங்கள். உள்ளே கிடப்பதை எடுத்து வர 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. உதிர்ந்த இறகுதானே என்ற வாதமெல்லாம் வனக்காவலரிடம் எடுபடாது.

கடைசியில் தேவிபட்டினம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூஸ் வாத்துகள் கிடைத்தன. நாய்க்குப் பதிலாகக் காவலுக்கு வளர்க்கிறார்கள். காவல் என்றால் நிஜமான காவல். ஆண் வாத்து என் வேட்டியை விடவே இல்லை. தோப்பு அக்கா மனமுவந்து ஒரு சாக்கு நிறைய இறகு கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் வயிற்றுப் பக்கத்துப் பஞ்சு. தலையணைக்கு ஆகும், அம்புக்கு ஆகாது. நமக்கு வேண்டியது சிறகின் வெளிப்பக்கத்து நீண்ட இறகு. அதுவும் ஒரு சிறகில் பத்துதான் இருக்கும், எல்லாமும் தேறாது.

உயிருள்ள வாத்திடமிருந்து பிடுங்குவதில் எனக்கு விருப்பமில்லை. பிடுங்கவும் வேண்டாம். கூஸ் வாத்து வருடத்துக்கு ஒருமுறை பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்க்கும், புதியது முளைக்கும்வரை சில வாரம் அதனால் பறக்க முடியாது. இதை அக்காவிடம் சொன்னதற்கு, “அதைத்தான் வருசா வருசம் கூட்டிக் குப்பையில போடுறேனே தம்பி, நீ வயித்து முடியைக் கேக்குறேன்னுல்ல நெனச்சேன்” என்றார். 1417இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி, ஒவ்வொரு வாத்திடமிருந்தும் ஆறு இறகு வசூலிக்கச் சொல்லி ஆணை போட்டாராம். அவருக்கு அதிகாரிகள் இருந்தார்கள். எனக்கு ஒரு அக்காவும் ஒரு விளக்குமாறும் போதுமாக இருந்தது.

உதிர் காலம் வந்ததும் போன் செய்து கூப்பிட்டார். இந்த முறை கட்டு கட்டாக நல்ல இறகு, நானே உட்கார்ந்து இடது, வலது என்று பிரித்தேன். ஒரே குறை, அழுக்காக இருக்கிறதே என்று தோப்புக் கிணற்றுத் தண்ணீரில் அலசி வைத்திருந்தார். நம் கடற்கரைக் கிணறுகளின் உவர்ப்பு தெரியும்தானே. காய்ந்த பிறகும் இறகு பிசுபிசுத்துக் கிடந்தது, உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடம் பிடித்து, துளி ஷாம்பு விட்டு மறுபடி அலசி, நிழலில் உலர்த்திய பிறகுதான் உயிர் வந்தது. தண்ணீரைக் குடிக்க வைத்திருந்த வீட்டுக்காரியிடம் வாங்கிய பேச்சு தனிக்கணக்கு.

தண்டைப் பிளப்பது, உப்புத்தாளில் தேய்ப்பது, நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டுவது எல்லாம் பொறுமை இருந்தால் நடக்கும். மூன்றையும் சம இடைவெளியில் வையுங்கள். ஒன்று நாண் பதியும் வெட்டுக்குக் குறுக்காக நிற்கட்டும். இறகின் அடிப்பக்கம் அம்பு முனையைப் பார்த்திருக்க வேண்டும்.

பசை விஷயத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சொட்டு விட்டால் நொடியில் பிடிக்கும் ரகத்தைத்தான் எடுத்து நீட்டுவார். நம் ஊர் ஈரக்காற்றில் அது நினைப்பதற்குள் இறுகிவிடும், இறகை நேராக்க நேரம் தராது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். மெதுவாக இறுகும் பசை வாங்கி, இறகு வரிகளுக்கு இடையே மெல்லிய நூலைச் சுற்றிக் கட்டுங்கள். முக்கியமாக, முன்பக்கத் தண்டு முனையை நன்றாகச் சீவி, நூலால் மூடி, அதன்மேல் பசை பூசுங்கள். அந்த முனை கையில் ஏறினால் ஊசி குத்துவது போலிருக்காது, கிழித்துக்கொண்டே போகும்.

மழையில் நனைந்து படுத்துவிட்ட இறகைத் தூக்கி எறியாதீர்கள். இட்லிப் பானை ஆவியில் சற்று காட்டினால் நிமிர்ந்துவிடும். அம்புப் பெட்டிக்குள் அந்துருண்டை அவசியம், இல்லாவிட்டால் பூச்சி வரிவரியாகத் தின்றுவிடும்.

இறகை உயரமாக வெட்டினால் பார்க்க அழகுதான். ஆனால் திறந்த கடற்கரையில் பக்கக்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். இப்போது நான் உயரத்தை அரை அங்குலத்துக்குக் குறைவாகத்தான் வெட்டுகிறேன். அம்பு இலக்கிலேயே இறங்குகிறது, பெரும்பாலும்.