பல்லி சொன்னால்தான் வண்டி நகரும்

சாவியைத் திருப்பினால் முதலில் எஞ்சின் சத்தம் வராது. பின்சக்கரத்துப் பக்கமிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் வரும். அது ஃபியூல் பம்ப். கார்பரேட்டர் நிறைந்ததும் டிக் டிக் அடங்கும். அப்புறம் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அண்ணனின் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டரில், அதாவது எம்ஜி கம்பெனியின் கூரை திறந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில், இதுதான் முறை. "பல்லி நல்லது சொல்லுச்சு, ஏறு தம்பி" என்றார். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி, இங்கிலாந்தின் அபிங்டன். கூரை இல்லாத காரில் உட்காருகிற குளிரா அது!

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இங்கிலாந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வீட்டுக்கு அழைத்து ரசம் சாதம் போட்ட கோயம்புத்தூர்க்காரர். எங்கள் பின்னால் சிவப்பு நிற சைபர்ஸ்டரில் என் மச்சினன். அதுவும் எம்ஜிதான், ஆனால் முழு மின்சாரம். இரண்டையும் ஓட்டிக்கொண்டு காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் வழியாக கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் போவதாகத் திட்டம். நூறு கிலோமீட்டருக்குள்தான் வரும். மாற்றி மாற்றி ஓட்டுவதற்காக ஒருநாள் இன்சூரன்ஸும் போட்டிருந்தோம். 'எம்ஜின்னா, ஆர் எங்க மாப்பிள்ளை?' என்று போனில் கேட்ட மாமியாருக்கு, எம்ஜி என்பது மாரிஸ் கராஜஸின் சுருக்கம் என்ற கதையைச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அபிங்டனில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சுமார் ஐம்பது வருடம் எம்ஜி கார்கள் இந்த ஊரில்தான் தயாராயின. 1962-இல் வந்த எம்ஜிபி மட்டுமே 5 லட்சத்துக்கும் மேல். 1980 அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பழைய இடத்தை ஒட்டி எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயர் கல்லறைச் சாலை! தொழிற்சாலையில் பெயின்ட் தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த ஒரு பழைய எம்ஜி ஓடிக்கொண்டிருந்ததாம். ஓல்டு ஸ்பெக்கிள்டு ஹென் என்ற பீருக்கு அதன் பெயரைத்தான் வைத்தார்கள். காரின் பெயரில் சாராயம், கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அண்ணன் இந்தக் காரை வாங்கியதற்கு அழகு காரணமில்லை. அவருடைய அப்பா கோவையில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். இங்கே ஒரு கிராமத்துத் திருவிழாவில் யாரோ ஒரு எம்ஜிபியை ஸ்டார்ட் செய்ய, இவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். "அப்பா வண்டிச் சத்தம் தம்பி அது. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு." பிரமை இல்லை. நம் அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இந்திய வடிவம். அதில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். ஒன்று டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனது, இன்னொன்று ரெட்டைக் கார்பரேட்டர் மாட்டிக்கொண்டு மைனர் ஆகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். மாரிஸின் கௌலி தொழிற்சாலையும் அபிங்டனிலிருந்து கூப்பிடு தூரம்தான். அம்பாசடரில் போய் வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எம்ஜிபியில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டாவது கியரில் ஏற்றம் ஏறும்போது தெரியும்.

தேம்ஸ் நதியை நியூபிரிட்ஜில் கடந்தோம். பேர்தான் புதுப்பாலம், வயது எழுநூறுக்கு மேல். அகலமும் அந்தக் காலத்து அகலம்தான். எம்ஜிபி சுலபமாகப் புகுந்து போனது. மச்சினன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான்.

பர்ஃபோர்டில் கார் மாறினேன். சைபர்ஸ்டரின் கதவு பட்டனை அழுத்தினால் வண்டுச் சிறகு மாதிரி மேலே எழும்புகிறது. தெருவில் போன நாலு பிள்ளைகள் உடனே போனை எடுத்துவிட்டார்கள். ரெட்டை மோட்டார், ஐந்நூறுக்கும் மேல் குதிரைத் திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.2 விநாடி. எடை கிட்டத்தட்ட இரண்டு டன், அதாவது இரண்டு எம்ஜிபி. ஸ்டோ-ஆன்-த-வோல்டுக்குப் போகும் சாலையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒருதடவை அழுத்தினேன். வயிறு பின்னால் தங்கிவிட்டது. ஆனால் கண் இமைப்பதற்குள் அறுபது மைல், சட்டப்படி எல்லை அதுதான். அதற்குமேல் அந்த வண்டி என்ன செய்யும் பாவம்? யானையைக் கூட்டிவந்து தேங்காய் உடைக்கச் சொன்ன கதை. எம்ஜிபியில் நாற்பது மைலிலேயே முடி பறக்கிறது, தரை காலுக்குக் கீழே ஓடுவது தெரிகிறது, ஸ்டியரிங் ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்கிறது. எனக்கு அந்த நாற்பதே பிடித்திருந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கூரையைத் திறந்த மின்சாரக் காரில் ஆட்டுக்குட்டிகள் கத்துவது கேட்டது. முன்னால் போகும் எம்ஜிபியின் சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு இந்த மின்சாரக் காரைவிட நல்ல இடம் கிடையாது.

ஸ்டோ சந்தைத் திடலில் டீ குடித்துவிட்டு வந்து அண்ணன் சாவியைத் திருப்பினார். பல்லி சொல்லவில்லை.

மறுபடி திருப்பினார். ம்ஹூம். எனக்குப் பகீரென்றது. அவரோ டிக்கியிலிருந்து ஒரு பழைய சப்பாத்திக் கட்டையை எடுத்தார். செய்தித்தாளை விரித்துப் படுத்து, பின்சக்கரத்துக்கு முன்னால் கையை விட்டு, லொட்டு லொட்டு என்று இரண்டு தட்டு. டிக் டிக் டிக்! "டிசம்பர்ல இருந்து எடுக்காம விட்டுட்டேன், என் தப்புதான். உள்ள காண்டாக்ட் பாயின்ட் ஒட்டிக்கும்" என்றபடி முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அதற்குள் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நின்றுவிட்டார். அவரும் ஒருகாலத்தில் எம்ஜிபி வைத்திருந்தவராம், அவர் தட்டியது ஷூவால். இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். சைபர்ஸ்டரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை என்றும், 2025 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்கள் வரி கட்ட வேண்டும் என்றும் பேச்சு வந்தபோது மட்டும் இருவரும் மச்சினனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மியூசியத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற 1925-ஆம் வருட எம்ஜி அங்கே இருக்கிறது. பேருக்குத்தான் நம்பர் ஒன், அதற்கு முன்பே எம்ஜிகள் வந்துவிட்டன.

திரும்பும்போது அண்ணன் சைபர்ஸ்டரை எடுத்தார். சீனக் கம்பெனி கைக்குப் போன எம்ஜி எம்ஜியே இல்லை என்று பேசுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். இறங்கியதும் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். "கதவு மேல போறது கல்யாண மண்டபத்து பார்க்கிங்குக்கு நல்ல வசதி தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "கிளட்ச் இல்லாததும் நல்லாத்தான் இருக்கு."

மச்சினன் கதை வேறு. எம்ஜிபியை எடுத்தவன், கெய்டன் வாசலில் மூன்று முறை எஞ்சினை அணைத்துவிட்டான். நாலாவது முறை குலுங்கிக் குலுங்கிக் கிளம்பியது. பர்ஃபோர்டில் மாறிக்கொள்வதாகப் பேச்சு, ஆனால் அபிங்டன் வரை சாவியைக் கொடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னாள் மனைவி. பெட்ரோல் பங்கில் படுத்து எழுந்து வந்த மாதிரி நாற்றமாம். இரவு பதினொரு மணிக்கு மச்சினனிடமிருந்து ஒரு படம் வந்தது. விற்பனைக்கு வந்திருக்கும் 1974 எம்ஜிபி. கீழே, 'மாமா, எப்படி இருக்கு? அக்காகிட்ட சொல்லிடாதீங்க.'

அக்காதான் போனைக் கையில் வைத்திருந்தாள்.